டிக்

உரிமக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன்.
எண்ணும் எழுத்துமாய் ஒரு வரிசை,
இனிக் காற்றில் அதுதான் என் பெயர்.
அப்பா வைத்த சந்திரவதனி
தரையில் மட்டும்.

கருவிதான் இல்லை.

அன்றிரவே டொரொன்டோவிலிருந்து அத்தான்:
"வாங்கினா ஜப்பான்காரன்ட வாங்கு,
செய்மதியைப் பாத்து நிக்கிற இடம் சொல்லும்,
தண்ணியில விழுந்தாலும் பேசும்."
டொலரில் விலை சொன்னார்.
மாவாலையில் என் மூன்று மாதம் அது,
இரவு வேலைக் கூலியும் சேர்த்து.
நிற்கிற இடம் எனக்குத் தெரியும் அத்தான்,
டைக் வீதி,
மான்கள் குப்பைப் பையைக் கிழிக்கும் முடக்கு.

கிண்ணியாவிலிருந்து பைறூஸ் வந்தான்.
சேர்ந்து பரீட்சை எழுதியவன்,
என்னைவிட இரண்டு புள்ளி குறைவு,
கருவிகள் மட்டும் மூன்று கூட.
ஹெல்மெட்டுக்குள் துவாய் சுற்றிக் கொண்டுவந்து
இடியப்பத் தட்டை ஒதுக்கிவிட்டு
மேசையில் நிறுத்தினான்.

ஒன்று சீனாவுடையது, மலிவு.
திறந்தவுடன் ஒருத்தி ஆங்கிலத்தில்
அலைவரிசை எண்ணை
ஊருக்கே அறிவிக்கிறாள்.
ஒன்று பளபளப்பு, வண்ணத் திரை.
எட்டு வாட் என்கிறது பெட்டி,
ஐந்துதான் என்கிறான் பைறூஸ்.
மற்றது கொழும்பில் யாரோ கைவிட்டது.
நாலாம் எண் தேய்ந்து வெறும் றப்பர்,
இடுப்புக் கொளுவிக்கு ஒரு பல் இல்லை.

"வாட்டைப் பாக்காத.
கடலுக்கு மேலால அரை வாட்டும் ஓடும்,
மலைக்குப் பின்னால நிண்டா
எட்டும் செத்துப் போகும்.
பற்றரி கிடைக்குமா பார்,
அன்டனா மாத்தலாமா பார்."
பார்த்தேன். சீட்டுத் துண்டில் குறித்தேன்.
குறிக்கக் குறிக்க
மூன்றும் நல்லதாகவே தெரிந்தன.

அம்மா குசினியால் எட்டிப் பார்த்தா.
மேசையைப் பார்த்தா,
பிறகு வாசலைப் பார்த்தா,
போய்க் கதவைச் சாத்தினா.
"வோக்கியா?"

எங்கள் வீட்டில்
அந்தச் சொல்லை யாரும் உரத்துச் சொன்னதில்லை.
டோர்ச் பற்றரி நாலு சேர்ந்திருந்தாலே
காரணம் சொல்ல வேண்டியிருந்த காலம் ஒன்று.
பக்கத்து வீட்டு நகுலேசனை
கையில் ஏதோ வைத்திருந்தான் என்று ஏற்றிப் போனார்கள்.
கணக்குப் பார்க்கும் மெசின் அது.
மெசின் திரும்பி வந்தது.

கடிதத்தை நீட்டினேன்.
அம்மா வாசிக்கவில்லை,
முத்திரையை விரலால் தடவினா,
மை ஒட்டுகிறதா என்று பார்ப்பதுபோல.
"சரி புள்ள.
நிப்பாட்டினா நிக்குமா இது?"

அத்தானும் கேட்காத கேள்வி.
பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.

சீனத்தின் குமிழைத் திருகினேன்.
வழவழவென்று போனது, அவள் வாயடைத்தாள்.
உண்மையாகவே அடைத்தாளா தெரியவில்லை.
பளபளப்பை மூன்று விநாடி அழுத்தினேன்.
திரை இருண்டது,
மூலையில் சிவப்புப் பொட்டு விழித்திருந்தது.
பழையதை இடப்பக்கம் திருப்பினேன்.

டிக்.

குசினி வரைக்கும் கேட்கும் சத்தம்.
"திரும்ப ஒருக்கா" என்றா அம்மா.
டிக்.
பைறூஸ் சிரிக்க வாயெடுத்தான்,
என் முகத்தைப் பார்த்து
இடியப்பத்தை எடுத்து வாயில் வைத்தான்.
அவன் சொன்ன விலையில் ஆயிரம் குறைத்தேன்,
பல்லில்லாக் கொளுவிக்காக.

அடுத்த நாள் பின்னேரம்
உட்துறைமுகக் கரை.
எதிரே மாவாலை விளக்குகள்,
தண்ணீரில் நீளமாய் நனைந்து.
அம்மாவும் வந்தா, குடையோடு.
மழை இல்லை.

என் காற்றுப் பெயரைச் சொன்னேன்.
குரல் நடுங்கி ஓர் எழுத்தை விழுங்கினேன்.
மறுபடி சொன்னேன்.
இரைச்சல்.
ஒரு ட்ரோலர் போனது.
இரைச்சல்.
பிறகு கிண்ணியாவிலிருந்து பைறூஸ்,
தன் பெயரை, என் பெயரை,
ஐந்து ஒன்பது என்று.

"என்னவாம்?"
"நல்லாக் கேக்குதாம்."
அம்மா குடையைக் கை மாற்றினா.
"உம்மாக்குக் காய்ச்சல் எண்டானே நேத்து.
மாறிட்டுதா கேள்."

அழுத்தினேன், கேட்டேன்.
அமெச்சூர் அலைவரிசையில்
அடுத்த வீட்டுக் காய்ச்சல் விசாரிக்கலாமா என்று
பரீட்சையில் வரவில்லை.