நம்பக் காரணம்

பில் இருக்கா, பெட்டி இருக்கா, ஆதார் நகல் இருக்கா
என்று மூன்று மொழியில் கேட்கத் தெரியும் எனக்கு.
காந்தி ரோட்டுச் சந்தில்
வங்காளம் பேசாத வெங்காயக்காரர்கூடக் கிடையாது.
ஆஸ்பத்திரி கற்றுக்கொடுத்த பாஷை அது.

லாட்ஜ் படிக்கட்டுக்குக் கீழே
ஒன்றரை ஆள் நிற்கிற இடம்.
பழைய போனை வாங்கி, துடைத்து,
நாலு பக்கமும் படம் பிடித்து
ஆன்லைனில் ஏற்றுவது தொழில்.
பெயர் டில்லிராணி. உரிமத்தாளிலும் அதுதான்,
ஸ்டேஷன் நோட்டிலும் அதுதான்.

போன மாசியில்
வாணியம்பாடிக்கு நான் கூரியரில் அனுப்பிய போன்
அதற்கு முன்பே குடியாத்தம் பஸ்ஸில்
யாரோ பறிகொடுத்ததாம்.
மூன்று நாள் மரபெஞ்சு.
இன்ஸ்பெக்டர் சத்தமே போடவில்லை.
சட்டத்தில் ஒரு வரியைப் படித்துக் காட்டினார்:
திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ,
நம்பக் காரணம் இருந்தோ.
தெரியாது சார் என்றேன்.
பாதிக்குப் பதில் சொல்லிட்டே,
மீதிக்குச் சொல்லும்மா என்றார்.

பாதி விலைக்குக் கொடுத்தான். சார்ஜர் இல்லை.
பாஸ்வேர்டை யோசித்து யோசித்துப் போட்டான்.
காரணம் இருந்தது.
நான்தான் அதைக் கல்லாவுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு பெரிய நோட்டு.
பதினைந்து இலக்கத்தை என் கையால் எழுதி,
அனுப்பிப் பார்த்து,
சுத்தம் என்று பதில் வந்த பிறகே விலை பேச்சு.

நேற்று உச்சி வெயிலில் சுலேகா மண்டல் வந்தாள்.
மால்தாவுக்குப் பக்கம் ஏதோ ஊர்.
முந்தானையில் சுற்றிய போன்,
கண்ணாடியில் ஒரு கீறல், மூலையில் மருந்துக் கறை.
பில்? இல்லை. பெட்டி? இல்லை.
யாருடையது?
அவருடையது என்று மேலே கையைக் காட்டினாள்.
மாடி ரூமாக்கும் என்று
இறங்கி வரச் சொல்லு, கையெழுத்து வேணும் என்றேன்.
காட்டிய கையை அவள் இறக்கவில்லை.

கேட்டது நாலாயிரம். எட்டுக்குப் போகிற போன்.
பாதி விலை. சார்ஜர் இல்லை.
அவர் விரல் போன வழியை நினைத்து நினைத்து
பாஸ்வேர்டைப் போட்டாள்.

பில் இல்லாமல் எடுக்க மாட்டேன்
என்று அவள் மொழியிலேயே சொன்னேன்.
என் தமிழைவிட அது மரியாதையாகத்தான் கேட்டது.
அதனால் இன்னும் மோசமாக.

படியில் உட்கார்ந்து மச்சினனுக்கு போன் செய்தாள்,
விற்கப்போகிற போனிலிருந்தே.
நாலு மணிக்குப் படம் வந்தது:
எண்ணெய்க் கறை, கடை முத்திரை, பரேஷ் மண்டல்.
இலக்கம் இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தேன்.
அவள் என் விரலையே பார்த்தாள்.
கேட்காமலே ஆஸ்பத்திரித் தாளையும் நீட்டினாள்.
அதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

எல்லாவற்றையும் உன் கையால் அழிக்கணும்,
நாளைக்கு நான் எடுத்தேன் என்று பேச்சு வரக் கூடாது.
போட்டோக்களை மச்சினனுக்கு அனுப்பினோம்.
லாட்ஜ் வைஃபையில் நாற்பது நிமிஷம்.
அழிக்கவா என்று போன் கேட்டது.
விரலைக் கொண்டுபோகும்போது
ஐந்து மணி. அலாரம்.
மாத்திரை நேரம்.
விருட்டென்று எழுந்துவிட்டாள்.
தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்துவிட்டாள்.
பிறகு உட்கார்ந்தாள்.
பிறகு அழித்தாள்.

ஆறரை கொடுத்தேன்.
கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம்.
பாதி விலைக்கு வாங்கினால் அது ஒரு காரணம் ஆகிவிடும்.
ராத்திரி காட்பாடியில் அவளுக்கு ரயில்.

இன்று விளம்பரம் எழுதுகிறேன்.
கீறல் ஒன்று. கறை ஒன்று.
மறைத்து விற்றால் அதுவும் வழக்கு.
ஒரே உரிமையாளர். பில் உண்டு.
விற்கும் காரணம்: கட்டாயம் நிரப்பவும்.
புதிது வாங்கியதால், பணத்தேவை, பரிசாக வந்தது, மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
குறிப்பிடுக என்றது.

மணி நாலே முக்கால்.
சுத்தமாகத் துடைத்த போன்தான், தெரியும்.
இருந்தாலும் ஐந்து அடிக்கட்டும்.
அதற்குப் பிறகு ஏற்றுகிறேன்.