மாதிரி 41

டண்டீயில் ஜனவரி. நான்கு மணிக்குள்
வெயில் கடையைக் கட்டிவிடுகிறது.
இஷ்பெல் கெடஸ் கவனிக்கவில்லை.
நைட்ரஜன் பெட்டியின் ரப்பர் கைகளுக்குள்
முழங்கை வரை இருக்கிறாள்.

ஒரு சொட்டு.
தயிர் டப்பாவுக்குத் தூரத்துச் சொந்தமான பாலிமர்,
மஞ்சளாய்க் கரைந்து.
கிறுகிறுவெனச் சுழலும் கண்ணாடியில் விழுந்து
பதறிப் பரந்து
தலைமுடியில் முந்நூற்றில் ஒரு பங்கு தடிமனில்
அடங்கிப்போகிறது.

நோட்டில் இதற்கு முன் நாற்பது.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு: முடிந்த விதம்.
தூசி. சூடு. தூசி.
முப்பத்தெட்டில் கையுறையில் ஊசித் துளை:
நமக்கு மூச்சு, அதற்கு நஞ்சு.

நீல ஒளியால் தட்டுகிறாள்.
மெல்லத் தட்டினால் பச்சையாய்க் கசிகிறது
எல்லாத் திசையிலும்,
சந்தை இரைச்சல் மாதிரி, யார் பேச்சும் யாருக்கும் இல்லாமல்.
குமிழை இன்னும் கொஞ்சம் திருகுகிறாள்.
இன்னும்.
ஒரு வாசற்படி இருக்கிறது எங்கோ,
சொட்டுக்குச் சொட்டு வேறு உயரத்தில்.
தாண்டிய கணம்
சந்தை முழுக்க ஒரே சொல்லை
ஒரே வாயால் சொல்கிறது.

திரையில் குன்று சரிந்து ஊசி எழுகிறது.
"ஆ," என்கிறான் யாரெக், ஆரஞ்சுக் கண்ணாடிக்குள்ளிருந்து.
அதற்குமேல் அவனிடமும் சொல் இல்லை.

பிறகு அவள் செய்தது திட்டத்தில் இல்லாதது.
படலத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு
மோதிரவிரல் நகத்தால் ஏந்தினாள்.
காற்றில் அதற்குச் சில நிமிடங்கள்தான்.
நகத்தின் மேல் ஒரு லேசர், எடையே இல்லாமல்,
சுவரில் ஒரு பச்சைக் கோடு போட்டது.
யாரெக் எண்ணினான். நாலாயிரத்துச் சொச்சம் துடிப்பு.
கோடு கலைந்தது.

ஏழு மணி, வலென்தே கடை.
வறுத்த மீன், உருளைக்கிழங்கு, வினிகர் தாராளமாக.
பத்து பவுண்டு நோட்டு. அதுவும் இப்போது நெகிழிதான்.
கள்ளநோட்டு விளக்கின் ஊதாவுக்குள் கை நீட்டியபோது
நகம் மட்டும் பச்சையாய் விழித்துக்கொண்டது.

"நெயில் பாலிஷா?" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.
"ஒரு விரலுக்கு மட்டுமா?"

படிக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஒளி.
ஒளிரத் தெரிகிறது இன்னும்,
ஒன்றுசேரத்தான் மறந்துபோயிற்று.
அதையெல்லாம் வரிசை நிற்கும்போது
எப்படிச் சொல்வது?
"ஆமாம், மிச்சம் காயவில்லை," என்றாள்.

டே ஆற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அறைய
விரலை விரலாகச் சூப்பிக்கொண்டே நடந்தாள்.

காலையில் நோட்டைத் திறந்தாள்.
மாதிரி 41. முடிந்த விதம்:
வினிகர்.