நான்காம் வசனம்

செவ்வாய், வியாழன், சனி.
நாலு மணி நேரம் என் ரத்தம்
உடம்பை விட்டு வெளியே போய்
தன்னைக் கழுவிக்கொண்டு திரும்புகிறது.
எரெவானில், மூன்றாம் மாடி வார்டு.
ஜன்னலில் அரராத் தெரியும் நாள் உண்டு,
புகைமூட்டம் அதை விழுங்கிவிடும் நாளும் உண்டு.

மற்ற நாட்களில் நான் பிழை எண்ணுகிறவள்.
தோல் ஏடுகளை நோயாளிகளைப் போல
அருகருகே கிடத்தி,
இவன் விட்டதை அவனில் தேடி,
பென்சிலால் சிறு குறி போடுவது பிழைப்பு.
பேனாவுக்கு அந்த அறையில் அனுமதியில்லை.
ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளுக்கிடையே
கண் வழுக்கி விழுந்தவர்கள்.
தூக்கத்தில் ஓர் 'உம்'மைத் தொலைத்தவர்கள்.
மனப்பாடமாய்த் தெரிந்ததாலேயே
எதிரில் இருப்பதைப் பாராமல் எழுதியவர்கள்.
எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள்.
கெடுத்தவர்களையே சாட்சிக்கு அழைப்பது என் வேலை:
எல்லோரும் ஒரே இடத்தில் கெடுக்கவில்லை.

அடுத்த கட்டிலில் ஸ்ம்பாத்,
கியூம்ரி பாதையில் மினிபஸ் ஓட்டியவர்,
மூன்று கால்விரல்களைச் சர்க்கரைக்குக் கொடுத்தவர்.
ஊசி ஏறியதும் கேட்பார்:
"நேற்று எத்தனை பிழை, ஹெகினே?"
"பதினொன்று."
"சுவிசேஷம் முழுக்கவா?"
"ஒரே அதிகாரத்தில்."
அவர் சிரிக்க, குழாய் ஆட,
நர்ஸ் வந்து அதட்டுவாள்.

ஒரு சனிக்கிழமை சிரிக்கவில்லை.
தங்கையின் சிறுநீரகம் பொருந்தாதென்று
காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.
"அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்" என்றார்.
"தூதன் இறங்கி நீரைக் கலக்குவானே,
முந்தி இறங்குகிறவனுக்கு எந்த நோயும் போகுமே,
அந்த இடம்."

வேறு எந்த இடத்தையும் கேட்டிருக்கலாம்.
பழைய பிரதிகளில் அந்த வசனம் இல்லை.
நோயாளிகள் ஏன் தண்ணீரையே பார்த்துக் கிடந்தார்கள் என்பது
பின்னால் வருகிறவர்களுக்கு விளங்கட்டுமே என்று
யாரோ ஓரத்தில் எழுதியிருப்பார்;
அடுத்த கை அதை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.
பரிவாகக்கூட இருக்கலாம்.

பொய் எனக்கு வராது, தொழில் அப்படி.
சொன்னேன்.
இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப தூதன் வரவில்லையா?"
"வந்தான் என்று எழுதியவரை எனக்குத் தெரியாது."
"தண்ணீர்?"
"கலங்கும் என்று அந்த மனிதனே சொல்கிறான். அது இருக்கிறது."
"முப்பத்தெட்டு வருஷம்?"
"நான் பார்த்த ஒரு பிரதியும் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை."
"இறக்கிவிட ஆளில்லை என்று அழுதது?"
"இருக்கிறது."
"குணமாக ஆசையா என்று அவனிடம் வந்து கேட்டது?"
"இருக்கிறது, ஸ்ம்பாத். எல்லாவற்றிலும்."

வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.
"அப்படியானால்,
முந்துகிறவனுக்கு மட்டும்தான் என்ற சட்டம்
பின்னால் வந்தது."
பிறகு, பாதித் தூக்கத்தில்:
"பஸ் ஓட்டினவனுக்குத் தெரியாதா.
வரிசை போடுகிறவன் எப்போதும் மனுஷன்."

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பக்கத்தைப் பார்த்தவள் நான்.

இப்போது அவருக்கு முறை மாறிவிட்டது,
திங்கள், புதன், வெள்ளி.
அந்தக் கட்டிலில் யாரோ ஒரு பையன்
காதில் ஒலிவாங்கியோடு கண்மூடிக் கிடக்கிறான்.

நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால்:
எந்தப் பலகை ஆடும் என்று தெரிந்த பாலத்தில்
நடக்கிறேன்.
தெரியாமல் நடந்த காலத்தில்
கைப்பிடியை விட்டதேயில்லை.

நேற்று ஒரு மலைமடத்து ஏடு வந்தது.
கடைசிப் பக்கத்தில் எழுதியவனின் குறிப்பு:
வெளியே பனி, உள்ளே காய்ச்சல், மை உறைகிறது,
பிழை கண்டால் சபிக்காமல் எனக்காக வேண்டுங்கள்.
குளத்துப் பக்கத்தைத் திருப்பினேன்.
நான்காம் வசனம் இல்லை.
எழுத்தெழுத்தாய் ஒத்துப்பார்த்ததில்
ஒரே ஒரு பிழை.
எழுந்து எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்லும் இடத்தில்
'படுக்கை' என்பதை இருமுறை எழுதியிருக்கிறான்.

பென்சிலால் குறித்தேன்:
படுக்கை, இருமுறை.
சபிக்கவில்லை.