முப்பத்தொன்று நாற்பது கவுண்ட்

நேற்று வரை கிலோவுக்குப் பன்னிரண்டு.
இன்று ஒன்பது என்று எழுதச் சொன்னார்கள்,
எழுதினேன்.
பலகைக்கு அடியில் ஐஸ் உருகி ஓடுகிறது.
கொஞ்ச நேரம்
ஓடு உரிகிற சத்தம் மட்டும்.

ஆரம்பாக்கம் செக்போஸ்டைத் தாண்டி
தடா போகிற வழியில் இந்தத் தகரக் கொட்டகை.
ஷேர் ஆட்டோவில் தமிழில் ஏறுகிறவர்கள்
தெலுங்கில் இறங்குகிறார்கள்.
எனக்கு இங்கே ரைட்டரம்மா என்று பெயர்.

"அமெரிக்காவுல வரி ஏத்திட்டாங்களாம்"
அஞ்சலாட்சிதான் ஆரம்பித்தாள்.
"நம்ம இறாவுக்கா?"
"நம்ம இறாவுக்கேதான்."
"யாரு கட்டறது?"
"அந்த ஊருல எறக்குறவன்."
"அவன் கட்டறதுக்கு
என் மூணு ரூபா ஏன் கொறையுது?"
மஸ்தானம்மா மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள்,
கையுறை கழற்றினால் நேரம் போகும்.
"மேட்டுல ஊத்தினாலும்
தண்ணி பள்ளத்துக்குத்தாண்டி வரும்."

வேதவல்லிக்கு வேறு நியாயம்.
"அவங்க ஆளுங்களுக்கு வேலை வேணும்னு செய்யறாங்க,
அதுல என்ன தப்பு?
வெளியாளை வெளியே அனுப்பறதும் அதுக்குத்தான்."
சொல்லி முடிக்கும்போது
உறைகூடத்துக் கதவு திறந்து
இரண்டு ஒடியாப் பெண்கள் புகையோடு வந்து
தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.
போன ஆடி மாதம்
அவர்களை ஊருக்கு அனுப்பச் சொல்லி
முதலாளிக்கு ஒரு மனு போனது.
எழுதியவள் நான்.
முதல் கையெழுத்து வேதவல்லி.
அவள் குனிந்து
ஒரே இறாவை இரண்டு முறை உரித்தாள்.

மஸ்தானம்மாவின் அண்ணன் மகள் டல்லாஸில்.
ஏழு மாதம். விசாவில் இருக்கிறாள்.
அங்கே பிறந்தாலே அந்த ஊர்ப் பிள்ளையா இல்லையா
என்று கோர்ட்டில் பேசிக்கொள்கிறார்களாம்.
ராத்திரி இரண்டு மணிக்கு போன் பண்ணி அழுகிறாளாம்.
"ரெண்டு பேருக்கும் பெரிய சம்பளம்,
ஆனா புள்ளைக்கு ஊரு இல்ல, ஏமி லோகமோ."

பெஞ்சலம்மா அதுவரை வாயைத் திறக்கவில்லை.
"நான் படகுல பொறந்தேன்" என்றாள்.
நண்டுக்குப் போன இடத்தில்,
பழவேற்காட்டு ஏரியின் நடுவில்,
அம்மாவுக்கு வலி வந்துவிட்டது.
கும்மிடிப்பூண்டியில் கேட்டால்
நீ ஆந்திரா என்கிறார்கள்.
சூளூர்பேட்டையில் கேட்டால்
தமிழ்நாட்டில் போய் வாங்கு என்கிறார்கள்.
மகன் ஒன்பதாம் வகுப்பு,
ஜாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை.
"தண்ணியில கோடு எங்க போவுதுன்னு
அம்மா பாக்கலையாம்.
வலியில இருந்தாளாம்."

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
அதுல என்ன போட்டிருக்கு, என்று கேட்டாள்.
படித்தேன்:
குட்டை எண், பதிவு எண்,
குஞ்சு எந்தப் பண்ணை, விட்டது எந்தத் தேதி,
என்ன தீனி, என்ன மருந்து கொடுக்கவில்லை.
"இவ்வளவுமா?"
"இவ்வளவும் இருந்தாத்தான் அங்க எறக்க விடுவாங்க."
கையில் இருந்ததை
ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பார்த்தாள்.
பிறகு தலையைக் கிள்ளினாள்.

அஞ்சரைக்கு எடை.
பெஞ்சலம்மா இருபத்திரண்டு கிலோ.
"ரைட்டரம்மா, அங்க ஓட்டு போடுவாங்கல்ல,
மறுபடி எப்போ?"
"உனக்கு எதுக்கு?"
"நம்ம கூலிய அவங்கதான் எழுதறாங்கன்னா
நமக்கும் ஒரு சீட்டு குடுக்கணும்ல."

நூற்றுத் தொண்ணூற்றெட்டு, என்றேன்.
கைநாட்டு வை.

ஐஸில் ஊறின கட்டைவிரல்,
மை பட்டது, ரேகை விழவில்லை.
இன்னொரு தரம் அழுத்தச் சொன்னேன்.