சம்மதத்துடன்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு இரண்டு பக்கமும் மழை.
அடியில் நனையாமல் கிடந்த கீற்றில்
நானும் பெனிலாவும்
பிளாஸ்டிக் கவருக்குள் அவள் பெயரும்.

நான்காம் தடவை இந்த ஆபீசுக்கு.
அண்டியாபீசில் சூப்பர்வைசர் ரோசம்மா கேட்டாள்,
"இண்ணைக்கும் பிள்ளைக் காரியமா?"
ஆமாம், பிள்ளைக் காரியம்.
அரைநாள் கூலியை வெட்டிவிட்டு
ஒரு ஆரஞ்சு மிட்டாயைக் கவருக்குள் போட்டாள்.

பள்ளிக்கூடம் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம்தான்.
முதல் மணி அடித்தால்
காதைப் பொத்துவாள்.
பொத்தியபடியே எழுந்து செருப்பைத் தேடுவாள்.
இதை மனுவில் எழுதியிருந்தேன்.
கிளார்க் சொன்னார்,
"இதெல்லாம் மனுவுல வராதும்மா."

தலைமையாசிரியர் மோசமானவர் இல்லை.
நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்,
நாகர்கோவிலில் ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கிறது,
அங்கேதான் பிள்ளைக்கு நல்லது என்று.
மேல்புறத்திலிருந்து அந்த நல்லதுக்கு இரண்டு பஸ்.
தக்கலை தாண்டுமுன் அவள் வாந்தி எடுப்பாள்.
துடைத்து, சட்டை மாற்றி,
போய்ச் சேரும்போது மணி பத்தரை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.
"பேரு கேட்டா சொல்லுவாளா?"
சொல்ல மாட்டாள்.
"பத்து வரை எண்ணுவாளா?"
எண்ண மாட்டாள் சாரே.
தோலுரிக்க வீட்டுக்குக் கொண்டுவரும் பருப்பில்
புழு அரித்ததை மட்டும் பொறுக்கித் தள்ளுவாள்.
நுறுக்கைத் தள்ள மாட்டாள்.
நான் சொல்லிக் கொடுக்கவில்லை.
"அது வேற, படிப்பு வேற" என்றார்.

பால் சொசைட்டி ஜெபசிங்கின் மகள்
வக்கீலுக்குப் படிக்கிறாள்.
அவள் எழுதித் தந்த துண்டுச்சீட்டு
மழையில் ஊறி, மை பரவி,
பதினாறு என்ற எண் மட்டும் மிஞ்சியிருந்தது.
பதினாறாம் பிரிவு, சாரே, என்றேன்.
அதற்குப் பிறகு அறையில் ஃபேன் சத்தம் மட்டும்.
அந்தச் சத்தம் ஆகாது பெனிலாவுக்கு.
மேசைக்கு அடியில் புகுந்து
சில்லென்ற தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தாள்.
யாரும் கேட்காமலே கிளார்க் எழுந்துபோய்
ஃபேனை அணைத்தார்.
அதுவும் மனுவில் வராது.

உத்தரவு முன்பே டைப் ஆகியிருந்தது.
"தாயாரின் சம்மதத்துடன்,
காலை பதினொரு மணி வரை மட்டும்,
தாயார் வளாகத்திலேயே இருக்க வேண்டும்."

அண்டித்தோட்டுப் பால் தின்ற விரல்கள் இவை.
ரேஷன் கடை மிஷினில் மூன்று தடவை அழுத்தினாலும்
இப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லும்.
ஆனால் என் சம்மதம் மட்டும்
எனக்கு முன்னாலேயே வந்து
அந்தத் தாளில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஒரு வார்த்தையை அடிச்சித் தாங்க சாரே.
"அடிச்சா ஃபைல் திரும்ப மேல போகும்.
ரெண்டு மாசமோ மூணு மாசமோ.
ஒப்பு வச்சா நாளைக்கே சேக்கலாம்."

குனிந்து பார்த்தேன்.
கீழே விழுந்துகிடந்த குண்டூசிகளை
தலை ஒரு பக்கமாக
அடுக்கிக்கொண்டிருந்தாள்.
வளைந்ததும் வரிசையில் இருந்தது.

ஒப்பு வைத்தேன்.
அதற்கு மேலே, இடமில்லாத இடத்தில்,
பத்தாங்கிளாஸ் கையெழுத்தில் நெருக்கி எழுதினேன்:
சம்மதம் இல்லை. நாளை காலை வருவோம்.
அதிகாரி படித்தார்.
கிழிக்கவில்லை. சீல் வைத்தார்.

மறுநாள் சத்துணவுக் கூடத்துப் பின்னால்
அயனிமரத்தடியில் நின்றேன்.
கடைசிப் பெஞ்சு தெரிந்தது, அவள் முதுகு தெரிந்தது.
கூலியைக் கணக்குப் பார்த்தேன்,
பாதியில் விட்டேன்.
பதினொன்றுக்கு மணி அடித்தது.
காதைப் பொத்தினாள்.
செருப்பைத் தேடவில்லை.

ஐந்தாவது மனுவை
அங்கிருந்துதான் தொடங்கினேன்.