வடக்குச் சுவர்

பருத்தித்துறையில் ஒரு வீட்டுக்கு
நான்கு சுவர் என்பது பொய்.
மூன்று சுவர்.
பிறகு, வடக்குச் சுவர்.

மூன்றும் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருதரம்
பெயின்ற் கேட்கும்.
இது வாடை முடியும் ஒவ்வொரு தையிலும்
தோலை உரித்துக்கொண்டு நிற்கும்.
விரல் பட்டால் மாவாய் உதிரும்.
நாக்கில் வைத்தால் உப்பு,
வைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் தரமும் பூசிவிட்டு
வாளியைக் கழுவியபடி மேசன் அல்பிரட் சொன்னான்:
"ரீச்சர், இனிப் பூசிறது காசைக் கடலில கொட்டிறது.
மேலால ஏதும் போத்துங்கோ."

எதைப் போர்த்துவது?
ரொறன்ரோ மச்சான் கைபேசியோடு
தன் வீட்டைச் சுற்றி நடந்து காட்டினார்.
"வைனைல். முப்பது வருசத்துக்கு யோசிக்கத் தேவையில்லை."
அவர் தொப்பியில் பனி விழுந்துகொண்டிருந்தது.
எங்கள் சித்திரையை
அந்தப் பிளாஸ்ரிக்குக்கு யார் அறிமுகம் செய்வது?
நெல்லியடிக் கடைக்காரர் அலுமினியம் என்றார்.
இவர் மலிவானது என்றார்.

நான் இரசாயனம் படிப்பிக்கிறவள்.
ஒருவரையும் நம்பவில்லை.
ஐந்து துண்டு, ஆளுக்கொரு முழம்,
ஏணி வைத்து வரிசையாய் அறைவித்தேன்:
வைனைல், அலுமினியம், பனம்பலகை,
ஒட்டும் ரைல், சீமெந்துப் பலகை.
ஐப்பசியிலிருந்து ஐப்பசி.
"சுவருக்கு என்ன, காயமோ?"
தெருவால் போனவர்கள் கேட்டார்கள்.

மாதம் ஒருக்கால் கொப்பியோடு போய் நின்றேன்.
மார்கழி: மாற்றமில்லை.
மாசி: மாற்றமில்லை.
பங்குனி: பல்லி ஒன்று.

ஆனியில் றெஜினா அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டா.
எங்களுடையது மேல்வீடு, அவவுடையது பதிந்த ஓட்டுவீடு.
காற்று அவவைத் தாண்டி வந்துதான் எங்களை அடிக்கும்.
அவவின் குசினி யன்னலுக்கு
என் சுவரைத் தவிர வேறு காட்சி இல்லை.

"உந்த வெள்ளித் துண்டைக் கழட்டு பிள்ளை.
சூரியன் வடக்கால போகத் தொடங்கினதிலயிருந்து
உலைப்பானைக்குள்ள மின்னுது, கண் கூசுது."
இரசாயனம் எழுதிய கொப்பியில்
பௌதிகத்துக்கு இடம் விட்டிருக்கவில்லை.

"ரைல் கார்த்திகைப் புயலுக்கே விழுந்திட்டுது.
கோழி தப்பினது கர்த்தர் செயல்.
நான்தான் எடுத்து ஒட்டி வைச்சனான்,
நீ கவலைப்படுவாய் எண்டு.
பலகை மழை குடிச்சு ஊதினது, பிறகு வத்தினது.
மற்றது..."

வைனைலைப் பார்த்தா.
குரல் இறங்கியது.

"பகல் சூட்டில விரிஞ்சு
ராவில சுருங்கேக்க, டக் டக் எண்டும்.
ராவில தட்டிற சத்தம் எனக்கு ஆகாது.
உனக்குத் தெரியும்தானே."

தெரியும்.
அன்றிரவே ரோச் லைற் பிடித்து
நானே ஏறிக் கழற்றினேன்.

"அப்ப சீமெந்துப் பலகை, அக்கா?"
"எது?
அங்க ஒண்டு கிடந்ததே?"

அதைவிட நல்ல சான்றிதழ்
எந்தக் கொம்பனியும் தராது.

ஐப்பசியில் அதைக் கழற்றிப் பார்த்தேன்.
பலகைக்கு ஒன்றுமில்லை,
திருகாணிதான் செத்திருந்தது.
தலையிலிருந்து கபிலநிறக் கோடு
கண்ணீர்போல வழிந்து காய்ந்திருந்தது.
ஆகவே, கப்பலுக்குப் போடும் துருவேறா ஆணி
கொழும்பிலிருந்து பெட்டியாய் வந்தது.
"பாதிக் காசு கண்ணுக்குத் தெரியாததுக்கோ?"
இவர் இரண்டு நாள் கதைக்கவில்லை.

நிறத்தை றெஜினா அக்காவிடம் கேட்டேன்.
பார்க்கிறது அவதானே.
"கடல் நிறம் வேண்டாம்.
கடல் எனக்குப் பின்பக்கம் நிறைய இருக்கு."
மறுநாள் கடதாசியில் மடித்து
ஒரு சிட்டிகை ஒடியல்மா தந்தா.
கடைக்காரர் நிற அட்டையில் மூன்றுதரம் தேடிவிட்டு
மாவையே மெசினுக்குள் காட்டினார்.

எல்லாம் ஏறி முடிந்தது.
வீட்டுக்குள்ளிருந்து எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை.
கறிவேப்பிலை கேட்டு அங்கே போகும்போதுதான்
என் வீடு நன்றாயிருப்பது தெரிகிறது.

மிஞ்சிய ஆணி ஒன்று
பள்ளிக்கூட ஆய்வுகூட அலுமாரியில்,
கடல்தண்ணிப் போத்தலுக்குள்.
பதினாலு மாதம்: மாற்றமில்லை
என்று எழுதியிருக்கிறேன்,
பென்சிலால்.