வெட்டியெடுத்த நாற்பத்திரண்டு நிமிடம்

படம் முடிந்து லைற் போட்டபோது
எல்லாரும் கைதட்டினார்கள்,
முன்வரிசையில் இருவரைத் தவிர.
சூசைநாயகம் சுவாமியும்
பஞ்சாட்சரக் குருக்களும்
பிளாஸ்ரிக் கதிரைகளில் அசையாமல்
வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
தங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்கிறமாதிரி.

தொகுத்தவள் நான்.
பிள்ளையார் கோயில் மணிக்குமேல்
மாதா கோயில் மணியை ஏற்றியவள்.
அவர்கள் சிரித்த ஒரே இடத்தில்
வயலினை வைத்தவள்.
பணம் தந்தவர்களின் படிவத்தில்
நல்லிணக்கம் என்றொரு கட்டம் இருந்தது.
அதற்குள் இருவரையும் இருத்தவேண்டும்.

"பிள்ளை," என்றார் குருக்கள்,
"நாங்கள் சண்டை பிடிச்சது எங்கை?"

இருந்தது.
பெரியாஸ்பத்திரி, சீனி கிளினிக்,
ஐம்பத்தாறாம் நம்பரும் ஐம்பத்தேழாம் நம்பரும்
ஒரே வாங்கில்.
உயிரைக் கடவுள் படைத்தார் என்றார் ஒருவர்.
படைச்சதெல்லாம் அழியும் ஓய், உயிர் அநாதி
என்றார் மற்றவர்.
தாதி கூப்பிட்டும் எழும்பவில்லை.

"என்ரை தங்கச்சி மகளின்ரை தலையிலை
தண்ணி வார்த்தவர் நீர்.
நான் இன்னும் மன்னிக்கேல்லை, தெரியுமோ?"

"மன்னிக்கச் சொல்லி நான் கேக்கேல்லையே.
அவள் கேட்டாள், வார்த்தன்.
நாளைக்குக் கேட்டாலும் வார்ப்பன்."

பிறகு ஒன்றுமில்லை.
மின்விசிறி மட்டும்.
யாரோ ஒரு குழந்தையின் இருமல்.
ஒரு நிமிடம், பதினோரு விநாடி.
பிறகு குருக்கள், முகத்தைத் திருப்பாமல்,
"உமக்கு இந்தமுறை எவ்வளவு காட்டுது?"
"இருநூற்றுப் பத்து."
"நத்தார் கேக்கைக் குறையும்."

முதலில் வெட்டியது அந்த மௌனத்தைத்தான்.
வெளிநாட்டில் பார்ப்பவர்கள்
சத்தம் பழுதென்று நினைப்பார்கள் என்றேன்.
குருக்கள் ஒன்றும் சொல்லவில்லை.
சால்வையை உதறித் தோளில் போட்டார்.

வெளியே குருநகர்ப் பக்கமிருந்து
கருவாட்டு மணத்தோடு காற்று.
சுவாமியின் மோட்டார் சைக்கிள்
மூன்றாம் உதையில் பிடித்தது.
வேட்டியை ஒதுக்கிக்கொண்டு
ஒருபக்கமாக ஏறினார் குருக்கள்.

"படத்திலை நீர் சரியான நல்லவர்."
"நீரும்தான்.
எனக்கு அதுதான் பிடிக்கேல்லை."

கேற்றடியில் நின்றேன்.
கையில் மைக் இல்லை.
பெட்டிக்கடை வளைவுவரை கேட்டது,
தங்கச்சி மகளுக்குத் தையில் பிறக்கப்போகிற
பிள்ளைக்கு வைக்கவேண்டிய பெயர்.
இரண்டு பெயர்கள்.
மாறி மாறி, ஒன்றின்மேல் ஒன்று.
பிறகு ஹோர்ன்.